‘டிராஃப்ட் அனுப்பு, கையெழுத்துப் போடுறேன்’ என்கிறார் கைடு: எல்.ஓ.ஆருக்கு அவரிடம் என்ன கொடுக்க வேண்டும்?

பொன்னி_இசிஇ · செப்டம்பர் 26

வணக்கம். இறுதியாண்டு இ.சி.இ., இணைப்புக் கல்லூரி. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க 7 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டுக்கு டிசம்பர் 1 கடைசித் தேதி, மற்றவற்றுக்கு டிசம்பர் 15. ஒவ்வொன்றுக்கும் 3 பரிந்துரைக் கடிதம் (எல்.ஓ.ஆர்.). புராஜெக்ட் கைடு மேம், டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) பாடம் எடுத்த சார், துறைத் தலைவரான எச்.ஓ.டி. சார் மூவரும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் மேம் “டிராஃப்ட் அனுப்பும்மா, பார்த்துக் கையெழுத்துப் போடுறேன்” என்கிறார். நெட்டில் கிடைக்கும் மாதிரிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. அவரிடம் என்ன கொடுத்தால் கடிதம் வலுவாக வரும்? நேரம் போதுமா?

மதுரை_எழுத்தாணி · செப்டம்பர் 26

நேரம் போதும், தாராளமாக இல்லை. கடைசித் தேதிக்கு 6 முதல் 8 வாரம் முன்பே எல்லா விவரமும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். இன்விஜிலேஷன், அதன் பிறகு வேல்யுவேஷன் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அக்டோபர் 10-க்குள் கொடுத்துவிடுங்கள்.

டிராஃப்ட் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்புத்தாள் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு இருப்பது ஞாபகப் பஞ்சம். மூன்று செக்‌ஷனுக்குப் பாடம் எடுப்பவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும். எந்த லேபில் எதைக் கண்டுபிடித்தீர்கள் என்பது இருக்காது. அது கையில் இல்லாதபோதுதான் ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், நல்ல பண்புள்ளவர்’ என்று எழுதி முடிக்கிறார். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் அந்தச் சொற்களைக் கட்டுக்கட்டாகப் படித்தவர்கள். அவை உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தாளின் தலைப்பில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுசாக இருக்கட்டும். நம் ஊரில் இதில்தான் முதல் குழப்பமே. கல்லூரிப் பதிவேட்டில் ‘எஸ். பொன்னி’, விண்ணப்பத்தில் அப்பா பெயர் குடும்பப்பெயராகி ‘பொன்னி செல்வம்’. கடிதத்தில் ‘மிஸ் எஸ்’ என்று வந்தால் படிப்பவருக்கு இது யாருடைய கடிதம் என்றே சந்தேகம் வரும். எந்தப் பெயரில் குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பதிவெண், பேட்ச், அந்த ஆசிரியரிடம் படித்த பாடங்கள், எந்த செமஸ்டர், என்ன கிரேடு, வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்பதெல்லாம் அதன் கீழே.

பிறகு அந்த ஆசிரியர் கண்ணால் பார்த்த சம்பவங்கள் இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு துண்டு: என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன, இது அவருக்கு எப்படித் தெரியும். கடைசித் துண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். டி.எஸ்.பி. சாருக்கு இப்படி இருக்கலாம்:

“5-ஆம் செமஸ்டர் லேப். 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங். 5 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்தபோது ஸ்பெக்ட்ரமில் 3 கிலோஹெர்ட்ஸில் உச்சம் தெரிந்தது. எங்கள் குழு அதை நாய்ஸ் என்று ரெக்கார்டில் எழுதப் போனது. சாம்பிளிங் வேகம் போதாததால் வரும் போலி உச்சம், அதாவது அலியாசிங் என்று நான் சொன்னேன். 3.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் சேர்த்து மறுபடி ஓட்டியதும் உச்சம் மறைந்தது. அப்சர்வேஷன் நோட்டில் நீங்கள் கையெழுத்திட்ட பக்கம் இணைப்பில்.”

இதைப் படித்ததும் சாருக்கு அந்த மதியமே நினைவுக்கு வரும். மீதியை அவரே எழுதுவார். உங்களுக்குத் தெரியாத ஒன்றைக்கூடச் சேர்ப்பார். பக்கத்து பெஞ்ச்காரர்களுக்கு நீங்கள் விளக்கியதை அவர் தூரத்திலிருந்து கவனித்திருக்கலாம்.

எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்களே எழுதும் நோக்கக் கட்டுரை), ரெஸ்யூமே, மார்க்‌ஷீட் மூன்றையும் இணையுங்கள். எஸ்.ஓ.பி. முடியாவிட்டாலும் ஏன் இந்தத் துறை, அங்கே என்ன படிக்கப் போகிறீர்கள் என்று நான்கு வரியாவது வேண்டும்.

கரிகாலன்72 · செப்டம்பர் 27

எழுத்தாணி சொல்வது நியாயம்தான். ஆனால் நடைமுறைன்னு ஒண்ணு இருக்குங்க. ‘நீயே எழுதிட்டு வா’ன்னு சொல்ற எல்லாரும் சோம்பேறி கிடையாது. வெளிநாட்டுக் குழு என்ன எதிர்பார்க்குதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. போனஃபைட் சர்ட்டிஃபிகேட், கண்டக்ட் சர்ட்டிஃபிகேட் எழுதிப் பழகின கை. அந்தப் பாணியிலயே எல்.ஓ.ஆரும் வருது. இங்கிலீஷ்ல ஒரு பக்கம் சொந்தமா எழுதத் தயங்குறவங்களும் உண்டு, அதை மாணவர்கிட்ட சொல்ல மாட்டாங்க. நாளைக்கு மேம் ‘டிராஃப்ட் இல்லைன்னா முடியாது’ன்னுட்டா இந்தப் பொண்ணு என்ன பண்ணும்? கடிதமே இல்லாமப் போறதுக்கு டிராஃப்ட் மேல் இல்லையா?

மதுரை_எழுத்தாணி · செப்டம்பர் 27

தயக்கம் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. டிராஃப்ட் அதைப் போக்காது, மூடி மறைக்கும்.

டிராஃப்ட் எங்கே அடிபடுகிறது என்று சொல்கிறேன். மூன்று ஆசிரியருக்கும் ஒரே மாணவி எழுதினால் மூன்று கடிதமும் ஒரே குரலில் பேசும். தொடக்க வாக்கியம், பத்திகளின் நீளம், பிடித்தமான சொல், கமா போடும் பழக்கம்கூட ஒன்றாக இருக்கும். எஸ்.ஓ.பி.யும் அதே கையெழுத்துதானே? நான்கையும் ஒரே கோப்பில் வைத்துப் படிக்கிறார்கள். இன்னொன்று, தன்னைப் பற்றி எழுதும் மாணவி ஒன்று அளவுக்கு மீறிப் புகழ்வாள், இல்லை கூச்சத்தில் அடக்கி வாசிப்பாள். ‘இதுவரை கைடு செய்த குழுக்களில் இவர்தான்’ என்ற ஒப்பீட்டை அவளால் எழுதவே முடியாது, அந்த அனுபவம் ஆசிரியருடையது. கடிதத்தின் உயிரே அந்த ஒரு வரிதான். தவிர, கடிதத்தைப் பரிந்துரைப்பவரே எழுத வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக விண்ணப்பத்தில் டிக் அடித்துவிட்டு, அதை நீங்களே எழுதியிருந்தால் அந்த டிக்குக்கு என்ன அர்த்தம்?

பொன்னி, மேமிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “மேம், நான் எழுதினா எஸ்.ஓ.பி. மாதிரியே இருக்கும், கண்டுபிடிச்சிடுவாங்க. விவரம் எல்லாம் குறிப்பா எடுத்துட்டு வர்றேன். 20 நிமிஷம் கேபின்ல உங்ககிட்ட உட்காரலாமா?” பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போகும்போது ஒரு தாளில் இந்த ஆறு கேள்வி இருக்கட்டும். என்னை எத்தனை நாளாக, எந்த வகையில் தெரியும்? என் வேலையில் உங்களுக்கு நினைவில் நிற்பது எது? புராஜெக்ட் மாட்டிக்கொண்டபோது நான் என்ன செய்தேன்? இதற்கு முன் கைடு செய்தவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறேன்? எதில் இன்னும் தேற வேண்டும்? மேல்படிப்பைத் தாக்குப்பிடிப்பேன் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

அவர் தமிழும் இங்கிலீஷும் கலந்து பதில் சொல்லட்டும். சொல்லச் சொல்ல அவரே தன் மெயிலில் டைப் செய்துகொள்ளட்டும், வாய்ஸ் டைப்பிங் என்றாலும் சரி. ஆறு பதிலையும் வரிசையாக வைத்தால் கடிதத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது. மொழி சரிபார்க்க ஆங்கிலத் துறை சக ஆசிரியர் யாரிடமாவது அவர் காட்டலாம். உங்களிடம் திரும்பி வர வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பிடிவாதம் பிடித்தால், குறிப்புத்தாளையே தலைப்பு வாரியாக வரிசைப்படுத்திக் கொடுங்கள். ஆனால் முழு வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. துண்டுகளை வாக்கியமாக்குவது அவராக இருந்தால் குரலும் அவருடையதாக இருக்கும்.

கரிகாலன்72 · செப்டம்பர் 27

அந்தக் கடைசி வழி நடக்கும். ஆறு கேள்வியை வாட்ஸ்அப்ல முந்தின நாளே அனுப்பிடுங்க, யோசிச்சு வைப்பாங்க. ‘எதில் தேற வேண்டும்’ங்கிறது மட்டும் கேட்கத் தயக்கமா இருக்கும், ஆனா விடாதீங்க. ஒரு சின்னக் குறையை நேர்மையா எழுதி, அதுல எப்படி முன்னேறினாங்கன்னு சொன்ன கடிதத்துல மத்த பாராட்டையும் நம்பத் தோணும்.

வைகை_சிவில் · செப்டம்பர் 28

சம்பவம் என்றதும் பேப்பர் பப்ளிகேஷன், ஹேக்கத்தான் பரிசு என்று தேட வேண்டாம். அவை ரெஸ்யூமேயிலேயே இருக்கின்றன. சின்ன விஷயத்தில் தெரியும் நாணயத்துக்குத்தான் ஆசிரியர் ஒருவரே சாட்சி.

எங்கள் துறையில் ஓர் உதாரணம். கான்கிரீட் லேபில் 150 மில்லிமீட்டர் கியூப் மூன்றை உடைத்து, அவற்றின் வலிமைக்குச் சராசரி எடுப்போம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி எந்த ஒரு கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த சாம்பிளே செல்லாது. பெரும்பாலான பேட்சுகள் பேசாமல் சராசரி போட்டு ரெக்கார்டு முடித்துவிடும். ஒரு மாணவர் மட்டும் விலகலைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ‘சார், இது செல்லாது’ என்று மறுபடி வார்த்து, இன்னொரு 28 நாள் காத்திருந்தார் என்று ஆசிரியர் எழுதினால், அந்த மாணவரின் டேட்டாவை நம்பலாம் என்று எங்கோ இருக்கும் பேராசிரியருக்குப் புரிந்துவிடும். ‘நேர்மையானவர்’ என்ற சொல்லே தேவைப்படாது.

மூன்று ஆசிரியருக்கும் அதே சம்பவங்களைக் கொடுக்காதீர்கள். கைடுக்கு புராஜெக்ட், டி.எஸ்.பி. சாருக்கு வகுப்பும் லேபும், மூன்றாமவருக்கு வேறொரு பக்கம் என்று பிரித்துக் கொடுங்கள்.

தபால்பெட்டி · செப்டம்பர் 29

கடிதம் அருமையாக இருந்து போர்ட்டலில் கோட்டை விடுபவர்கள் ஏராளம். அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவர் பெயர், பதவி, கல்லூரி, மெயில் ஐ.டி. கொடுத்ததும் அவருக்கு லிங்க் போகும். சில போர்ட்டலில் ‘சேவ்’ செய்த உடனே போகும். சிலவற்றில் கட்டணம் கட்டி முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகை என்றால் கடைசி நாளில் சமர்ப்பித்து ஆசிரியரை நெருக்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சமர்ப்பித்த பின் பரிந்துரைப்பவரை மாற்ற விடாத போர்ட்டலும் உண்டு.

மெயில் ஐ.டி. கல்லூரி டொமைனில் இருப்பது நல்லது. ஜிமெயில் கொடுத்தால் சில இடங்களில் ஏற்பதே இல்லை, சில இடங்களில் கூடுதல் சரிபார்ப்பு. நம் ஆசிரியர்கள் பலர் கல்லூரி மெயிலைத் திறந்தே மாதக்கணக்கில் ஆகியிருக்கும், பாஸ்வேர்டும் மறந்திருக்கும். அக்டோபரிலேயே ஒரு சோதனை மெயில் அனுப்பி, பதில் வந்தால் மட்டும் அந்த ஐ.டி.யைப் பதியுங்கள். போர்ட்டல் மெயில் வெளி சர்வரிலிருந்து வருவதால் ஸ்பேமில் விழும். ‘இந்தத் தேதியில், இந்தப் பல்கலைக்கழகப் பெயரில் வரும்’ என்று முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். ஆசிரியர் பெயரில் நீங்களே ஐ.டி. தொடங்கிக் கடிதம் ஏற்றுவது மோசடி. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடம் பறிபோகலாம். அந்தப் பேச்சே வேண்டாம்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமை பற்றிய கேள்வி மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றி அமெரிக்காவில் 1974-இல் வந்த ஃபெர்பா சட்டத்தின்படி கேட்கப்படுகிறது. விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் விட்டுக்கொடுங்கள். மாணவர் பார்க்கலாம் என்ற கடிதத்தில் ஆசிரியர் மனம் திறந்திருக்க மாட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நேரக் கணக்கு: டிசம்பரில் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29. மத்திய நேரம் என்றால் காலை 11.29. பசிபிக் நேரம் என்றால் பிற்பகல் 1.29. ஆசிரியருக்குக் கொடுக்கும் பட்டியலில் இந்திய நேரம் மட்டும் போடுங்கள், அதுவும் உண்மையான கெடுவுக்கு ஐந்து நாள் முன்பாக. 7 பல்கலைக்கழகம் என்றால் அவர் 7 தடவை லாகின் செய்து, 7 படிவம் நிரப்ப வேண்டும். ஒரே தாளில், கெடு வரிசையில், பல்கலைக்கழகம், படிப்பின் சரியான பெயர், தேதி என்று கொடுத்தால் ஒரே அமர்வில் முடித்துவிடுவார்.

கடிதம் கல்லூரி லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, பதவியோடு பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். பாஸ்வேர்டு போட்ட பி.டி.எஃப். ஏறாது. ஒன்று முதல் இரண்டு பக்கம் சரியான அளவு. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட கடிதம் இன்னொன்றுக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. ‘தேர்வுக் குழுவுக்கு’ என்று பொதுவாகத் தொடங்கினால் அந்த ஆபத்து இல்லை.

பொன்னி_இசிஇ · செப்டம்பர் 30

எல்லாருக்கும் நன்றி. மேமிடம் கேட்டேன், திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு சந்தேகம். எச்.ஓ.டி. சார் எனக்குப் பாடமே எடுத்ததில்லை. பதவிக்காக வைத்துக்கொள்ளலாமா? மூன்றாம் செமஸ்டரில் ஓர் அரியர் இருந்தது, அடுத்த செமஸ்டரிலேயே கிளியர் செய்துவிட்டேன். கடிதத்தில் அதைச் சொல்லலாமா?

மதுரை_எழுத்தாணி · செப்டம்பர் 30

பதவிக்காக வேண்டாம். உங்களைத் தெரியாத எச்.ஓ.டி. ஒரு பக்கம் எழுதினால் அதில் பாதி கல்லூரியின் பெருமையாக இருக்கும். உங்கள் வேலையைப் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்கு அதைவிட எடை அதிகம். மினி புராஜெக்ட் பார்த்தவர், இன்டர்ன்ஷிப் மேற்பார்வையாளர் யாராவது இருக்கிறார்களா? மூன்றில் ஒன்று கம்பெனியிலிருந்து வரலாம், தீஸிஸ் உள்ள படிப்பென்றால் மற்ற இரண்டும் ஆசிரியர்களாக இருக்கட்டும். எச்.ஓ.டி. ஏற்கெனவே சம்மதித்திருப்பதால் மனம் நோகாமல் விலக வேண்டும் என்றால், உங்களை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் எழுதி, இருவரும் கையெழுத்திடும் கூட்டுக் கடிதம் ஒரு வழி. நேரில் அறிந்தவர் யார் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

அரியர் விஷயத்தை உங்கள் எஸ்.ஓ.பி.யில் சொன்னால் சாக்குப்போல ஒலிக்கும், ஆசிரியர் சொன்னால் சாட்சியம். காரணம் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் மட்டும் இரண்டே வாக்கியம். உடல்நிலை, குடும்பச் சிக்கல் போன்றவற்றை எந்த அளவு எழுதலாம் என்று நீங்கள் முன்பே சொல்லிவிடுங்கள். விவரம் வேண்டாம் என்றால் ‘தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்’ என்று அவர் நிறுத்திக்கொள்ளலாம். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள், முதல் பட்டதாரிகள் விஷயமும் இப்படித்தான். நீங்கள் விரும்பினால் எழுதச் சொல்லலாம். அங்கே படிப்பவருக்கு அது என்னவென்று தெரியாது, ‘குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள்’ என்று விரித்து எழுத வேண்டும்.

வைகை_சிவில் · அக்டோபர் 1

ஒன்று விட்டுப்போனது. கடிதத்தோடு பல போர்ட்டலில் ஒரு கட்டப் படிவமும் வரும். அறிவுத்திறன், எழுத்து, சுயமாக வேலை செய்தல், குழுவோடு ஒத்துழைத்தல் என்று வரிசைகள். மேல் 1 அல்லது 2 சதவீதம், 5, 10, 25, 50 என்று கட்டங்கள். கடைசியில் ‘சொல்லும் அளவுக்குத் தெரியாது’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். எல்லாவற்றிலும் மேல் 1 சதவீதம் என்று அடித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கடிதத்தில் ‘மிகச் சிறந்த மாணவி’ என்று எழுதிவிட்டு இங்கே 25-இல் டிக் அடித்தாலும் இடிக்கும். 120 பேரில் நீங்கள் எத்தனையாவது என்று குறிப்புத்தாளில் இருந்தால் அவர் கணக்கோடு டிக் அடிப்பார். தெரியாததற்குத் ‘தெரியாது’ கட்டத்தை அடிப்பதில் தவறே இல்லை.

சேலம்_மெக் · அக்டோபர் 4

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். படித்து முடித்து மூன்று வருடம் ஆனவர்களுக்கு? கைடு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இன்னொருவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

தபால்பெட்டி · அக்டோபர் 4

மாறிப் போனவர் இப்போதைய கல்லூரியின் லெட்டர்ஹெட், இப்போதைய மெயிலில் எழுதலாம். முதல் வாக்கியத்திலேயே எந்தக் கல்லூரியில், எந்த வருடங்களில் உங்களுக்குக் கற்பித்தார் என்று வர வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மார்க்‌ஷீட்டில் உள்ள கல்லூரியோடு பொருந்தாமல் நிற்கும். ஓய்வுபெற்றவர் வெள்ளைத்தாளில் எழுதலாம். முன்னாள் பதவி, வகித்த காலம், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். ஓய்வுபெற்றதால் சொந்த மெயிலைப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வி எழாது.

நினைவூட்ட, புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கம், சுருக்கம், ரிவியூ அன்று எடுத்த குழுப் படம் மூன்றையும் அனுப்புங்கள். படத்தில் நீங்கள் யார் என்று குறிப்பிடுங்கள். இந்த மூன்று வருட வேலையைப் பற்றி நான்கு வரி கொடுங்கள், ஆனால் தான் பார்க்காததை அவர் சாட்சி சொல்ல முடியாது. வேலையைப் பற்றிய கடிதத்தை மேனேஜரிடம் வாங்குங்கள்.

பொன்னி_இசிஇ · நவம்பர் 28

அவசரம். மேமும் டி.எஸ்.பி. சாரும் எல்லாம் ஏற்றிவிட்டார்கள். எச்.ஓ.டி.க்குப் பதிலாகக் கேட்ட இன்டர்ன்ஷிப் சார் மட்டும் டிசம்பர் 1 கெடு உள்ள இரண்டுக்கும் இன்னும் ஏற்றவில்லை. இரண்டு தடவை மெயில் அனுப்பிவிட்டேன். தினமும் நினைவூட்டினால் கோபப்படுவாரோ?

தபால்பெட்டி · நவம்பர் 28

மூன்றாவது மெயில் வேண்டாம், போன் செய்யுங்கள். “சார், லிங்க் ஸ்பேம்ல விழுந்திருக்கலாம், இப்ப மறுபடி அனுப்புறேன், வந்துச்சான்னு பார்க்க முடியுமா” என்று கேளுங்கள். போர்ட்டலில் ‘மறுபடி அனுப்பு’ பொத்தான் இருக்கும். அவர் லைனில் இருக்கும்போதே அழுத்துங்கள். கம்பெனி மெயிலில் வெளி லிங்க் தடுக்கப்பட்டிருந்தால் வேறு ஐ.டி.க்கு மாற்ற முடியுமா என்று போர்ட்டலில் பாருங்கள்.

உங்கள் பக்கத்து விண்ணப்பத்தை அவருக்காக நிறுத்திவைக்காதீர்கள், இன்றே சமர்ப்பியுங்கள். கடிதம் சில நாள் தாமதமாக வந்தாலும் ஏற்கும் துறைகள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. இரண்டு துறையின் கேள்வி-பதில் பக்கத்தையும் படித்துவிட்டு, அதில் இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு விண்ணப்ப எண்ணோடு மூன்று வரி மெயில் அனுப்புங்கள். நாளை மாலைக்குள் அவர் தொடர்பில் வராவிட்டால் மினி புராஜெக்ட் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்கான குறிப்புத்தாளை இன்றிரவே தயார் செய்து வையுங்கள். போர்ட்டலில் ‘பெறப்பட்டது’ என்று வந்தால்தான் கணக்கு; ‘திறக்கப்பட்டது’ என்றால் அவர் லிங்கைப் பார்த்திருக்கிறார், ஏற்றவில்லை.